வெட்டின காட்டில் குருவிச் சத்தம்

திருகோணமலை
ஐப்பசி 20

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மழையைச் சாட்டலாம், ஆனால் சோம்பல்தான் காரணம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ மட்டும் அப்படியே கிடக்கிறது.

"ஊரில் இப்ப குருவிச் சத்தமே இல்லையாமே?" என்று கேட்டிருந்தாய். யார் சொன்னது? போன கிழமை மருமகனோடு திரியாய்ப் பக்கம் போனேன். நாங்கள் சைக்கிளில் பாலைப்பழம் பொறுக்கப் போன அதே காடுதான். பாதையோரம் விறகுக்கும் சேனைப் பயிருக்கும் நன்றாகத் தறித்துவிட்டார்கள். ஆனால் சத்தத்துக்குக் குறைவே இல்லை! அடர்காட்டுக்குள் எண்ணிய குருவிகளைவிட இங்கேதான் கூட என்று பொடியன் சொன்னதும் எனக்கும் சந்தோஷம். அப்புறம் அவன் குறித்துவைத்த கொப்பியை வாங்கிப் பார்த்தால் கொண்டைக்குருவி, புலுனி, மைனா, காகம். எல்லாம் நம் வீட்டு வளவில் நிற்கிற ஆட்கள்.

மரம் விழுந்தால் வெளிச்சம் வரும், பற்றை எழும்பும், நாயுண்ணி பழுக்கும். கொண்டைக்குருவிக்கு அது கல்யாண வீடு. நிழலில் சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கிற குருவிகள் பாடுதான் மோசம். வெயில் பட்டுச் சருகு காய்ந்தால் அங்கே பூச்சி ஏது? அவை வெட்டவெளியைத் தாண்டிப் பறக்கவும் தயங்கும்.

மருமகன் இன்னொன்றும் சொன்னான். பிரேசிலில் மனாவுஸ் பக்கம் 1979இல் ஒரு ஆய்வு தொடங்கினார்களாம். சுற்றிவரக் காட்டை வெட்டி நடுவில் துண்டுகளை விட்டபோது, அந்தத் துண்டுகளுக்குள் விரித்த வலைகளில் பறவைகள் முதலில் கூடுதலாக விழுந்தன. பெருகியதால் அல்ல, வீடு போனவை ஓடி வந்து ஒதுங்கியதால். பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் கிடந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? ஒரு வகுப்பறைக்குள் எத்தனை குடும்பம் இருந்தோம்!

எனக்குப் பெரிய கவலை இருவாய்ச்சிதான். முதிர்ந்த மரத்தில் பெரிய பொந்து வேண்டும் அதற்கு. பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவல் ஒரு கீறல் வழியே பழம் ஊட்டும். தின்ற பாலைப்பழத்தின் விதையைக் காடெங்கும் போடுவதும் அதுதான். பற்றை நாலு மழையில் வந்துவிடும். பொந்து விழுகிற வயதுக்கு ஒரு பாலை வர எத்தனை தலைமுறை வேண்டும், சொல்லு. அன்றைக்கு நாங்கள் ஒரு சோடிகூடக் காணவில்லை.

சரி, நல்ல செய்தி ஒன்று. ஆறுமணிக்குருவி இந்த வருஷமும் வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம், சொல்லிவைத்தாற்போல் ஆறு மணிக்கு, கிணற்றடி மாமரத்தின் கீழே கூப்பிட்டது. அந்தச் சருகைக் கூட்டவேண்டாம் என்று வீட்டில் சண்டை பிடித்து வைத்திருக்கிறேன். சித்திரை வரைக்கும் நிற்கும். அதற்குள் வரப் பார்.

உன்,
சிவா