காலியாகக் கிடக்கும் ஃபவுண்டேஷன் கவர்னர் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் பள்ளிகளில் பிள்ளைக்கு இடம் வாங்குவது எப்படி என்று புலம்பெயர் தமிழ் இதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விதியை எழுதுகிறவர்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது அபூர்வம். அரசு நிதியில் நடக்கும் திருச்சபைப் பள்ளிகளில் வாலண்டரி எய்டட் (சுருக்கமாக எய்டட்) என்ற வகையில் அதை எழுதுவது உள்ளூராட்சிக் கவுன்சில் அல்ல, தலைமையாசிரியரும் அல்ல. பள்ளியின் கவர்னர் குழு, அதாவது பள்ளியை மேற்பார்க்கும் நிர்வாகக் குழு, எழுதுகிறது. அந்தக் குழுவில் பெரும்பான்மை திருச்சபை நியமிக்கும் ஃபவுண்டேஷன் கவர்னர்களுக்கு. நம்மவர்களில் தகுதியுள்ள பலர் இந்தப் பொறுப்புக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளை முக்கியமாக எய்டட், கன்ட்ரோல்ட் என்று இரண்டு வகையாகப் பிரித்தது. கட்டடச் செலவில் பங்கு கொடுக்க முன்வந்த பள்ளிக்கு அதிக அதிகாரம், முடியாத பள்ளிக்குக் குறைந்த அதிகாரம். இன்று நடப்பில் உள்ள 2012ஆம் ஆண்டு விதிகளின்படி எய்டட் பள்ளியில் ஃபவுண்டேஷன் கவர்னர்கள் மற்ற எல்லாரையும்விட இரண்டு பேர் கூடுதலாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் ஒருவர், ஊழியர் ஒருவர், கவுன்சில் சார்பில் ஒருவர், பெற்றோர் இருவர் ஆக 5. அப்படியானால் ஃபவுண்டேஷன் 7, மொத்தம் 12. இதற்குக் குறைந்து எய்டட் பள்ளியின் குழு அமைய முடியாது. கன்ட்ரோல்ட் பள்ளியில் குறைந்தது இரண்டு பேர், ஆனால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது.

இந்த 7 என்பது தாளில் உள்ள எண். மூன்று இடம் காலியாக இருந்தால் 4க்கு 5. காலியிடம் இருப்பதால் குழுவின் முடிவு செல்லாமல் போவதில்லை. கோரம், அதாவது கூட்டம் நடக்க வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, கணக்கிடும்போது நிரம்பிய இடங்களில் பாதி வந்தால் போதும். இங்கே ஒன்பதில் ஐந்து. ஒரே ஒரு ஃபவுண்டேஷன் கவர்னர் வந்த கூட்டத்தில்கூடத் தீர்மானம் நிறைவேறலாம். பள்ளியின் சமயத் தன்மையைக் காக்கச் சட்டம் கொடுத்த பெரும்பான்மை இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது. யாரும் பறிப்பதில்லை, ஆள் இல்லாமல் போகிறது.

சேர்க்கை விதிக்கு வருகிறேன், நம் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது அதுதான். எய்டட் பள்ளியில் கவர்னர் குழுவே சேர்க்கை அதிகாரி. விதியை மாற்றுவதென்றால், உதாரணமாக 2028 செப்டம்பரில் சேரும் பிள்ளைகளுக்கு, 2026 அக்டோபர் 1க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையே குறைந்தது ஆறு வாரம் பொதுக் கருத்துக் கேட்க வேண்டும். பிப்ரவரி 28க்குள் விதியை உறுதி செய்ய வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் மே 15க்குள் பள்ளிகள் தீர்ப்பாளருக்கு எழுதலாம். மாற்றமே இல்லாவிட்டாலும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கருத்துக் கேட்டாக வேண்டும்.

இந்த விதியில் ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் இடம் தொங்குகிறது. "இந்தப் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வருபவர்" என்று எழுதினால், வேறு ஊர் ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகும் குடும்பம் வெளியே நிற்கும். "எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும்" என்று எழுதினால் உள்ளே வரும். ஆனால் ஆலய வருகையைக் காட்டப் பெற்றோர் கொடுக்கும் துணைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் உள்ளூர்ப் பங்குத்தந்தை மட்டும் என்று இருந்தால் மறுபடியும் சிக்கல்: அவருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. தமிழ்ப் பணியகக் குருவின் (தமிழ்த் திருப்பலி நிறைவேற்றும் குருவின்) கையெழுத்தும் செல்லும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கக் கவர்னர் குழுவில் ஒருவர் கேட்டால் போதும். ஆங்கிலிக்கன் பள்ளிகளிலும் இதே கதை. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் சேர்ந்தது. அங்கே ஞானஸ்நானம் பெற்று வந்தவர்களுக்கு அதை விளக்குவதில் சிரமமில்லை. தனித்தியங்கும் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளுக்குத்தான் சிரமம். "பிற கிறிஸ்தவ சபை" என்பதற்குப் பல பள்ளிகள் குறிப்பிட்ட கூட்டமைப்புகளின் உறுப்பினர் பட்டியலை அளவுகோலாக வைக்கின்றன. பட்டியலில் இல்லாத சபையின் போதகர் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை.

கவர்னர்கள் இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு இடங்களில். "ஒழுங்காக ஆலயம் வருபவர்" என்று எழுதிவிட்டு, எத்தனை மாதம், மாதத்துக்கு எத்தனை தடவை என்று சொல்லாமல் விடுவது ஒன்று. நிபந்தனை எப்படிப் பூர்த்தியாகும் என்று பெற்றோர் எளிதில் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் சேர்க்கை நெறிமுறை. இன்னொன்று, ஆலயத்துக்குச் செய்த பண உதவிக்கோ உடல் உழைப்புக்கோ முன்னுரிமை கொடுப்பது. அது தடை. இவை போக, வருகைப் படிவத்தில் கையெழுத்திடும் குருவானவரே விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் குழுவிலும் உட்காருவது நல்ல வழக்கமல்ல என்பது என் உறுதியான கருத்து. இடம் கிடைக்காத பெற்றோர் மேல்முறையீட்டுக் குழுவின் முன் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஊழியர் நியமனத்திலும் இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் வேறுபாடு பெரிது. எய்டட் பள்ளியில் ஆசிரியர்களின் முதலாளி கவர்னர் குழுதான். நியமனத்தில் சமய நம்பிக்கைக்கு முன்னுரிமை கொடுக்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கத்தோலிக்கப் பள்ளியில் தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர், மறைக்கல்வித் துறைத் தலைவர் மூவரும் நம்பிக்கையைக் கடைப்பிடிக்கும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது ஆயர்களின் எதிர்பார்ப்பு. கன்ட்ரோல்ட் பள்ளியில் முதலாளி கவுன்சில். அங்கேயும் சமயக் கல்வி கற்பிக்கவென ஒதுக்கப்பட்ட ஆசிரியர்கள் உண்டு, மொத்த ஆசிரியர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். அவர்களின் தகுதியில் ஃபவுண்டேஷன் கவர்னர்கள் திருப்தியடையாமல் நியமிக்க முடியாது. அதே பள்ளியில் பெற்றோர் கேட்டால், பள்ளியின் அறக்கட்டளைப் பத்திரப்படி வாரத்துக்கு இரண்டு பாடவேளை வரை சமயக் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர்களும் இவர்களே. பெற்றோர் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

கட்டடச் செலவில் எய்டட் பள்ளி கவர்னர்களின் பங்கு இன்று 10 சதவீதம். 1944இல் அது பாதியாக இருந்து, படிப்படியாகக் குறைந்து வந்தது. கூரை மாற்ற 2,00,000 பவுண்டு ஆகும் என்றால் 20,000 பவுண்டு இவர்கள் தேட வேண்டும். பெற்றோரிடம் கேட்கலாம், கட்டாயப்படுத்தக்கூடாது. நிலத்தின் உரிமை பெரும்பாலும் கவர்னர்களிடம் இல்லை, அறங்காவலர்களிடம். எனவே அவர்களையும் மறைமாவட்டத்தையும் கேட்காமல் சுவர் எழுப்பத் தொடங்கினால் வேலை பாதியில் நிற்கும்.

ஃபவுண்டேஷன் கவர்னர் திருச்சபையின் தூதர் என்றும், ஆயர் சொன்னபடி கைதூக்குபவர் என்றும் ஒரு எண்ணம் உண்டு. அது தவறு. பள்ளியின் சமயத் தன்மையைக் காத்து வளர்ப்பதும், பத்திரப்படி பள்ளி நடப்பதைப் பார்ப்பதும் அவரது கடமை. அந்தக் கடமைக்குள் நின்று வாக்கைத் தன் மனச்சாட்சிப்படி போட வேண்டும். நியமித்தவருக்கு நீக்கும் அதிகாரமும் உண்டு. ஆனால் தன் கொள்கைக்கு எதிராக நிற்பார்கள் என்பதற்காகக் கவர்னர்களை நீக்க முடியாது என்று 1989இல், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, உள் லண்டன் கல்வி ஆணையத்துக்கு எதிரான புருனியேட் வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கு கல்வி ஆணையம் நியமித்தவர்களைப் பற்றியது என்றாலும் அதன் தத்துவம் கவர்னர் எல்லாருக்கும் பொருந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஜெபத்தையும் அறுவடைப் பண்டிகையையும் பார்த்துக்கொண்டு, வரவுசெலவும் தேர்ச்சி விவரமும் வரும்போது வாய் மூடி இருப்பது. மற்ற கவர்னர்களுக்கு உள்ள எல்லாப் பொறுப்பும் இவருக்கும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கென்று வரும் நிதி எங்கே செலவானது என்று கேட்பது சமயக் கடமைக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல.

விண்ணப்பிப்பது கடினமல்ல, காலம்தான் பிடிக்கும். ஒவ்வொரு பள்ளியும் கவர்னர்களின் பெயர், நியமித்தவர், பதவிக்காலம், கூட்ட வருகை ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் ஃபவுண்டேஷன் பெயர்களை எண்ணினால் காலியிடம் தெரிந்துவிடும். கத்தோலிக்கப் பள்ளிக்கு மறைமாவட்டக் கல்வி அலுவலகத்தின் படிவமும் பங்குத்தந்தையின் பரிந்துரையும் வேண்டும்; நியமிப்பவர் ஆயர். ஆங்கிலிக்கன் பள்ளிக்கு யார் நியமிப்பார் என்பது அந்தப் பள்ளியின் அமைப்பாவணத்தில் (கவர்னர் குழு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தில்) இருக்கும்: ஓர் இடம் பெரும்பாலும் பதவி வழியாகக் குருவானவருக்கு, மற்றவை ஆலயச் சபைக்கோ மறைமாவட்டக் கல்வி வாரியத்துக்கோ. பதவிக்காலம் வழக்கமாக நான்கு ஆண்டு. நியமனமான 21 நாளுக்குள் காவல்துறைப் பின்னணிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். முழுக் குழுக் கூட்டம் கல்வியாண்டுக்குக் குறைந்தது மூன்று. துணைக் குழுக்களையும் பள்ளி வருகைகளையும் சேர்த்தால் அதைவிட நேரம் அதிகம் போகும். ஊதியம் கிடையாது. அகாடமியாக (கவுன்சிலிலிருந்து விலகி ஓர் அறக்கட்டளையின் கீழ் நடக்கும் பள்ளியாக) மாறிய பள்ளிகளில் அதிகாரம் அந்த அறக்கட்டளையின் மேல் வாரியத்துக்குப் போயிருக்கலாம். அங்கே உள்ளூர்க் குழுவுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அதிகாரப் பகிர்வு ஆவணத்தைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

பள்ளிச் சேர்க்கை பற்றி அடுத்த கட்டுரையை நீங்கள் வெளியிடும்போது, விண்ணப்பக் கடைசித் தேதிகளான அக்டோபர் 31, ஜனவரி 15 ஆகியவற்றோடு, விதி மாற்றத்துக்குக் கருத்துச் சொல்லும் காலத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லண்டன்