நான்கு எழுத்துகளும் ஒரு கதையும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கல்வியாண்டுத் தொடக்கத்து வேலைகளைக் காரணம் காட்டலாம். ஆனால் நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. பேத்தி பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் அ, ஆ வரிசையை முழுதாகச் சொல்லத் தெரியவில்லை, ப, ட, ம, ர என்று நான்கே எழுத்துகளை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள், இதுவும் ஒரு படிப்பா என்று கேட்டிருந்தாய். அந்தப் பள்ளியை நான் அறியேன். ஆனால் என் பள்ளியிலும் முதல் வகுப்பு இப்படித்தான் தொடங்குகிறது. தலைமையாசிரியராக அதை அப்படி மாற்றியவளும் நானே. ஆகவே இதை நடுநிலையாளரின் தீர்ப்பாகக் கொள்ளாமல், குற்றம் சாட்டப்பட்டவளின் வாக்குமூலமாகவே படி.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்தில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்த பிறகே முதல் சொல்லுக்குப் போனோம். ஒப்பிப்பதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையை ஒப்பிப்பது வேறு, எழுத்தைப் பார்த்தவுடன் அதன் ஒலியைச் சொல்வது வேறு. 'க, கா, கி, கீ' என்று தாளம் தப்பாமல் பாடுகிற ஒரு பிள்ளையிடம் நடுவிலிருந்து 'கூ'வை மட்டும் எடுத்து அட்டையில் காட்டினால், அந்தப் பிள்ளை முதலிலிருந்து மனத்துக்குள் பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உதடு அசைவதிலேயே தெரிந்துவிடும். அது படிப்பதில்லை, பாட்டின் எத்தனையாவது இடம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்த நான்கு எழுத்துகளுக்கு வருகிறேன். ப, ட, ம, ர ஆகிய நான்கோடு புள்ளியையும் சேர்த்துக்கொள். படம், மரம், பட்டம், மட்டம், ரம்பம், பம்பரம் எல்லாம் கையில் வந்துவிடும். எழுதுவதற்கும் இவற்றில் 'ம'வைத் தவிர மற்றவை பெரும்பாலும் நேர்கோடுகள்தாம். இரண்டாவது வாரமே பிள்ளை தானாக ஒரு சொல்லைக் கூட்டிப் படித்துவிடுகிறது என்பதுதான் இதில் பெரிய லாபம். எழுத்துகள் என்பவை ஒப்பிப்பதற்கானவை அல்ல, அவற்றைச் சேர்த்தால் தனக்குத் தெரிந்த ஒரு பொருள் வெளியே வரும் என்ற செய்தி அந்த வயதில் யாரும் சொல்லிப் புரிவதில்லை. அது நடக்கும்போதுதான் புரியும். இதன் பிறகு துணைக்கால் ஒன்றை மட்டும் அறிமுகப்படுத்தினால் பாடம், மாடம், பாரம், மாமரம் என்று சொற்கள் பெருகும். 18 மெய்யையும் 11 உயிர்க்குறிகளையும் இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் 216 உயிர்மெய்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழுவதில்லை.

'எழுவதில்லை' என்று எழுதிவிட்டேனே தவிர, உகர ஊகார வரிசைகள் என் வாயை அடைத்துவிடும். கு, டு, மு, ரு ஒரு சாயல். து, நு, லு, று வேறு சாயல். பு, சு, யு, வு இன்னொரு சாயல். இங்கே ஒரு குறியைக் கற்றுக்கொண்டு எல்லா மெய்யோடும் ஒட்ட முடியாது. குடும்பம் குடும்பமாகப் பிரித்துத்தான் சொல்லித்தர வேண்டும். நம் காலத்தில் இந்தச் சுமை இன்னும் அதிகம். ணா, றா, னா ஆகியவற்றுக்கும், துதிக்கை வளைந்தது போன்ற ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் நாம் தனி வடிவங்களைக் கற்றோமே, நினைவிருக்கிறதா? 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அப்படிப்பட்ட 13 வடிவங்கள் சீராயின. நீ இன்னும் கடிதத்தில் பழைய 'லை'தான் போடுகிறாய் என்பதைக் கவனித்தேன். பேத்தியின் நோட்டில் போட்டுவிடாதே.

இன்னொரு தடுமாற்றம் பெரியவர்கள் கண்ணுக்கே படாதது. துணைக்காலும் 'ர'வும் ஏறத்தாழ ஒரே உருவம். 'கா' என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை 'கர' என்று படித்தால் நாம் கவனக்குறைவு என்று கண்டிக்கிறோம்; உண்மையில் அது மிகுந்த கவனத்தோடு, இருப்பதை இருக்கிறபடியே படித்திருக்கிறது. 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது; இடமிருந்து வலமாகப் போ என்று நாமே கற்றுக்கொடுத்த விதியை நம் எழுத்தே மீறுகிறது. இத்தகைய இடங்களை முன்கூட்டியே அறிந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைக்குத் தான் மக்கு என்ற எண்ணம் வருவதில்லை.

இவ்வளவும் பாதிதான். மற்ற பாதியை நான் தாமதமாகவே கற்றேன்; கற்றுக்கொடுத்தது ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையின்றிப் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்த பையன், 'அவன் வீட்டிற்குச் சென்றான். அங்கே ஒருவரும் இல்லை' என்ற வரிகளைத் தட்டுத்தடங்கலின்றிப் படித்துவிட்டு நிமிர்ந்து, "டீச்சர், அவன் பேர்தான் சென்றானா?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை. அவன் பிறந்தது முதல் யாரும் அவன் காதுபட 'சென்றான்' என்று சொன்னதில்லை. 'போனான்' என்றுதான் வீட்டிலும் தெருவிலும், ஏன், என் வகுப்பறையிலும் கேட்டிருக்கிறான். ஒலியைச் சரியாகக் கூட்டி அவன் வந்து சேர்ந்த இடத்தில் அவனுக்காக ஒரு சொல் காத்திருக்கவில்லை.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய வரையறை தந்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு என்றார்கள். கூட்டினால் என்று சொல்லவில்லை என்பதைக் கவனி. பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். என் பையனுக்கு முதலாவது நூற்றுக்கு நூறு இருந்தது. அந்த வாக்கியத்தைப் பொறுத்தவரை இரண்டாவது பூச்சியமாக இருந்தது. அவனுக்கு எழுத்தே தெரியாத வயதிலேயே இதைக் கவனித்திருக்க வேண்டிய நான், சுவரில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது பாதி மற்றப் பல மொழிப் பிள்ளைகளைக் காட்டிலும் கடினம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் நம் இரட்டை வழக்கு. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். 'வந்துட்டு இருக்காங்க' என்று சொல்லி வளர்ந்த பிள்ளையின் முன்னால் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு நீண்ட ரயில் வந்து நிற்கிறது. அது எழுத்துகளையும் புதிதாகக் கூட்ட வேண்டும், கூட்டி முடித்தபின் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்றும் கண்டுபிடிக்க வேண்டும். அரபு மொழியிலும் இதே நிலை உண்டு. 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டீனா ஃபைட்டல்சனும் அவரோடு பணியாற்றியவர்களும், அரபு பேசும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐந்து மாத காலம் எழுத்து வழக்கு அரபியிலேயே கதைகளைப் படித்துக்காட்டச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள், அப்படிக் கேட்காத பிள்ளைகளைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படங்களைப் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் முந்தினார்கள். எழுத்து வழக்கு கண் வழியாக வருவதற்கு முன்பே காது வழியாக வந்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்தப் பையனோடு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆகவே இப்போது முதல் வகுப்பிலிருந்தே நாள்தோறும் இருபது நிமிடம் கதை கேட்கும் நேரம். அந்த நேரத்தில் புத்தகம் பிள்ளைகளிடம் இருக்காது, ஆசிரியரிடம் மட்டுமே இருக்கும். எங்கள் ஆசிரியர்களுக்கு இதில் மிகவும் கடினமாக இருந்தது எது தெரியுமா? அச்சில் 'சென்றான்' என்று இருப்பதை 'சென்றான்' என்றே படிப்பது. பிள்ளைக்குப் புரியாதே என்ற பரிவில் வாய் தானாகவே 'போனான்' என்று மாற்றிவிடுகிறது. அந்தப் பரிவுதான் பிள்ளையின் முதல் எதிரி என்று சொன்னபோது ஓர் ஆசிரியை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது செய்வது இதுதான்: இருப்பதை இருந்தபடி படி, முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டு, தேவைப்பட்டால் வாக்கியம் முடிந்தபின் பேச்சுத் தமிழில் ஒரு முறை சொல், அடுத்த நாள் அதே கதையை மீண்டும் படி. மூன்றாவது முறை படிக்கும்போது பிள்ளைகளே முந்திக்கொண்டு 'சென்றான்' என்று முடித்துவைப்பார்கள். எழுத்து கற்கும் அரைமணி நேரம் தனியே நடக்கும். அதில் பிள்ளைக்குத் தெரிந்த எழுத்துகளால் ஆன சொற்கள் மட்டுமே வரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இணையாக ஓட்டுவதுதான் எங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு.

படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டோம். மரத்தின் படத்துக்குக் கீழே 'மரம்' என்று இருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. படத்தை மறைத்தால் 'செடி' என்றும் வரும், 'இலை' என்றும் வரும். இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

மற்றப் பாடங்களைப் பற்றியும் ஒரு சொல். வாசிப்பு மொழிப்பாடத்தின் வேலை, அறிவியலும் சமூகமும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் இருந்தேன். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்ததைச் சிறு பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் எடுத்திருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் அறியாத பிள்ளைகளை மிஞ்சிவிட்டார்கள். அப்படியானால் விதை, வேர், மழை, நிழல், காந்தம் என்று இந்த ஆண்டு கையால் தொட்டுக் கற்பது எல்லாம் அடுத்த ஆண்டின் வாசிப்புக்கான சேமிப்பு. முதல் வகுப்பில் விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பேசுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் அதே விதையைப் பற்றி ஐந்து வரி படிக்கிறார்கள். நான்காம் வகுப்பில் விதை பரவுவதைப் பற்றி ஒரு பக்கம். கற்ற பொருளுக்கே மீண்டும் மீண்டும் சற்று உயரத்திலிருந்து திரும்பும் இந்தச் சுருள் அமைப்பை ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-லேயே விளக்கிவிட்டார். நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கால அட்டவணையில் அதற்கு இடம் பிடித்ததுதான் எங்கள் பாடு.

வரிசையை அறவே விட்டுவிட்டோம் என்று நினைத்து வருந்தாதே. எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர், அகராதியில் சொல் தேட வரிசை தெரியாவிட்டால் எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி, இரண்டாம் வகுப்பின் பிற்பகுதியில், எழுத்துகளெல்லாம் அறிமுகமான பிறகு, பாட்டாகவே சொல்லித்தருகிறோம். அப்போது இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. பெற்றோரைச் சமாளிப்பதுதான் இன்னும் தீராத தலைவலி. ஒரு பக்கம் நிறைய ஒரே எழுத்தை எழுதிக்கொண்டு வராத பிள்ளை அன்று ஒன்றும் படிக்கவில்லை என்றுதான் அவர்கள் கணக்கு. கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதத்திலும் அந்தக் கணக்குதான் இருந்தது.

அந்தப் பள்ளியில் கதை படித்துக்காட்டுகிறார்களா என்று மட்டும் விசாரி. நான்கு எழுத்தோடு நிறுத்திக்கொண்டு, காதுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் சண்டைக்குப் போ. நானும் உன் பக்கம் நிற்கிறேன். இரண்டும் நடந்தால் கொஞ்சம் பொறு. இடையில் ஒரு சோதனை செய்து பார். 'பம்பரம்' என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடு. முதல் 'ப' வலித்து ஒலிக்கும், 'ம்' என்பதற்குப் பின்னால் வரும் 'ப' மெலிந்து ஒலிக்கும், எழுத்து ஒன்றே. முதல் தடவை இரண்டையும் ஒன்றுபோலவே படித்துவிட்டு ஒரு கணம் நிற்பாள். நீ வாய் திறக்காதே. அந்தச் சொல் அவளுக்கு முன்பே தெரிந்ததாக இருந்தால், தானே திருத்திக்கொண்டு இரண்டாவது முறை சரியாகச் சொல்வாள். என்ன நடந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. முடிந்தால் எத்தனை நொடி நின்றாள் என்பதையும்.

என்றும் அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி