பி12 ஊசியை நிறுத்த வேண்டாம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பெர்னீசியஸ் அனீமியா உள்ள ஒரு தாயின் மகனாக இம்மடலை எழுதுகிறேன். ரத்தசோகை என்றாலே எங்கள் பக்கத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும்தான் பேச்சில் வரும். ஆனால் வைட்டமின் பி12ஐக் குடலில் சேர்ப்பதற்கென்று இரைப்பையில் சுரக்கும் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றலே முடக்கிவிடுவதால் வருவது இந்நோய். மீன், முட்டை, பால் என்று எவ்வளவு சாப்பிட்டாலும் போதிய அளவு ரத்தத்தில் சேராது. கீரையிலோ அச்சத்து அறவே இல்லை.

1926இல் மைனாட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் ஈரல் உணவைக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றிக் காட்டும்வரை இது உயிர்க்கொல்லி நோய். 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. இன்று ஊசி இருக்கிறது; மருந்தின் வகையைப் பொறுத்து மாதம் ஒருமுறையோ, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டால் போதும்.

அந்த ஊசியைத்தான், "ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது, இனி வேண்டாம்" என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் நிறுத்தினார்கள். பதிலுக்கு ஃபோலிக் அமில மாத்திரை தந்தார்கள். அது ரத்த எண்ணிக்கையைச் சீராகக் காட்டுமே தவிர, பி12 குறைவால் நரம்புக்கு நேரும் சேதத்தைத் தடுக்காது. அம்மாவுக்கு முதலில் பாதம் மரத்தது. செருப்பு கழன்று பின்னால் கிடப்பதுகூடத் தெரியாமல் வீடுவரை நடந்து வந்திருக்கிறார். பகலில் கண்ணால் பார்த்துப் பார்த்து வரப்பில் கால் வைத்தவர், பொழுது சாய்ந்தால் தள்ளாடினார். நாற்று நட்டே குடும்பத்தைக் காத்த கால்கள் அவை. மறுபடி ஊசி தொடங்கியபின் எரிச்சல் குறைந்தது. மரத்துப்போன உணர்வு முழுதாகத் திரும்பவில்லை.

ஆகவே, கால் மரப்பு, நாக்குப் புண், தீராத அசதி என்று வருவோருக்கு, ஃபோலிக் அமிலத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் முன் பி12 அளவைப் பார்க்குமாறு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறையக்கூடும்; அவர்களின் கால் மரப்பையெல்லாம் சர்க்கரையின் தலையிலேயே கட்டிவிடுவது எளிதாகிவிட்டது. நோய் உறுதியானவரின் சிகிச்சைக் குறிப்பேட்டில் "வாழ்நாள் ஊசி" என்று பதிவு செய்யுங்கள். ஊசி போட்ட பின் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு கூடித் தெரிவதை வைத்து எவரும் அதை நிறுத்தக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்நோயாளிகளின் பெயரையும் சேர்த்து, கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்திலேயே ஊசி போட வழிசெய்ய வேண்டும். நடவு நாளில் ஊசிக்காக டவுனுக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும் என்பதாலேயே தவணையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. குறுவை நடவு தொடங்குமுன் டெல்டா மாவட்டங்களிலாவது இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்