புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரங்கள கேட்டீங்களா?

டிஜிட்டல் மேப் போடுற தன்னார்வலர்களுக்கும், அத வச்சு நியாயம் கேக்குற அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் தோழர்களே,

நானும் உங்கள்ல ஒருத்திதான். ராத்திரி உக்காந்து சாட்டிலைட் படத்த ஜூம் பண்ணி, ஒவ்வொரு கூரையையும் சுத்தி கோடு போட்டு கோடு போட்டு கண்ணு எரிஞ்சு போனவ. அதனால இத வெளிய நின்னு குறை சொல்றதா எடுத்துக்காதீங்க, ரொம்ப நாளா மனசுல கெடக்கறத சொல்லிடணும்னு எழுதுறேன்.

மேப் ஏன் வேணும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மேப்ல இல்லாத தெருவுக்கு ஆம்புலன்ஸ் வழி தெரியாம மெயின் ரோட்லயே நிக்கும், தண்ணி லைன் கேட்டா அப்படி ஒரு எடமே ரெக்கார்டுல இல்லயேம்பாங்க. கென்யா தலைநகரம் நைரோபில கிபேராங்கிற குடிசைப் பகுதி அப்படித்தான் இருந்துச்சு, அவ்ளோ ஜனம் நெருக்கியடிச்சு வாழுற எடம், மேப்ல பாத்தா வெத்தா கெடக்கும். 2009 நவம்பர்ல அந்த ஏரியா இளைஞர்களே ஜிபிஎஸ் கருவிய கைல வச்சுகிட்டு சந்து சந்தா நடந்து தண்ணி புடிக்கிற எடம், கழிப்பறை, கிளினிக், பள்ளிக்கூடம்னு குறிச்சு, யார் வேணா சேத்து திருத்தக்கூடிய இலவச ஆன்லைன் மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்துனாங்க. மீட்டிங்குக்கு மீட்டிங் நாம இத உதாரணமா காட்டுறோம். ஆனா நடந்தவங்க அந்த ஊர் புள்ளைங்க, எத குறிக்கணும்னு முடிவு பண்ணவங்களும் அவங்கதான்கிறத மட்டும் வேகமா தாண்டிப் போயிடுறோம்.

என் அனுபவத்தையே சொல்றேன். ஒரு குடியிருப்புல நீளமா ஒரு தகரக் கூரை, மேல இருந்து பாத்தா ஒரே கட்டடம், நானும் ஒரே கட்டடமா கோடு போட்டு சேவ் பண்ணிட்டேன். அப்புறம் நேர்ல போனா அந்த ஒரு கூரைக்கு அடியில ஒம்போது கதவு, ஒம்போது அடுப்பு. யாராவது அந்த மேப்ப வச்சு இத்தன வீட்டுக்கு இத்தன கழிப்பறைன்னு கணக்கு போட்டிருந்தா எட்டு குடும்பம் கணக்குலயே வந்திருக்காது. பக்கத்துல நான் ரோடுன்னு குறிச்சது ரோடே இல்ல, செங்குத்தா ஏறுற படிக்கட்டு. சக்கர நாற்காலில போறவங்களுக்கு அது சுவர் மாதிரிதான்.

அன்னைக்கு மேப்ப பெரிய ஷீட்ல பிரிண்ட் போட்டு தரைல விரிச்சோம். ஒரு பாட்டி குனிஞ்சு பாத்துட்டு விரல வச்சு, 'இங்கதான் கண்ணு, மழ பெஞ்சா முட்டி வரைக்கும் நிக்கும், அந்தப் பக்கம் லைட்டு கெடையாது, பொட்டப்புள்ளைங்க இருட்டுனா அந்த வழியா போவாதுங்க'ன்னு சொன்னாங்க. இது எந்த சாட்டிலைட்லயும் தெரியாது. அப்பதான் இன்னொரு அக்கா கேட்டாங்க, 'இத யார் யாரெல்லாம் பாப்பாங்க?'ன்னு. எங்க டீம்ல ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. ஏன்னா ஓப்பன் டேட்டான்னா எல்லாரும் பாப்பாங்க, தண்ணி லைன் குடுக்க வர்றவங்களும் பாப்பாங்க, எடத்த காலி பண்ணச் சொல்ல வர்றவங்களும் பாப்பாங்க. நிலப்பத்திரம் இல்லாம இருக்கற குடும்பத்துக்கு நாம வைக்கிற ஒரு புள்ளி பாதுகாப்பாவும் ஆகலாம், நோட்டீஸ் ஒட்டுறதுக்கு அட்ரஸாவும் ஆகலாம்.

மேப் தானா நல்லது பண்ணிடாது தோழர்களே. அமெரிக்கால 1930கள்ல அரசாங்கத்தோட வீட்டுக்கடன் நிறுவனம் ஒண்ணு 200க்கும் மேல நகரங்களுக்கு மேப் போட்டு ஏரியா ஏரியாவா தரம் பிரிச்சுச்சு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள்ல பெரும்பாலும் சிவப்பு, அதாவது ஆபத்து, பணம் போடாதன்னு அர்த்தம். அப்படி பிரிச்சுப் பாத்த பழக்கத்தால தலமுறை தலமுறையா அந்த மக்களுக்கு வீட்டுக்கடன் கெடைக்கிறது குதிரைக்கொம்பாச்சு. அதுவும் மேப்தான், அதுலயும் அந்த மக்கள யாரும் கேக்கல.

டாக்டர் ஜான் ஸ்னோ லண்டன்ல 1854ல காலராவுல செத்தவங்க வீடுகள குறிச்சு மேப் போட்டாருன்னு எல்லா டிரெய்னிங்லயும் காட்டுறோம்ல, காலரா பரவுன தண்ணி வந்த அந்த அடிபம்போட கைப்பிடிய கழட்டுனது செப்டம்பர் 8, மேப் வந்தது அதுக்கு அப்புறம். முதல்ல அவர் பண்ணது செத்தவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு எங்க தண்ணி எடுத்தீங்கன்னு கேட்டது. எகிப்துல 2010ல ஆரம்பிச்ச ஹராஸ்மேப்ங்கிற அமைப்பும் பாலியல் சீண்டல் பத்தி பொண்ணுங்க அனுப்புற புகார பேர் போடாம மேப்ல வச்சதோட நிக்கல, ஆளுங்க தெருவுல இறங்கி கடைக்காரங்க, காவலாளிங்ககிட்டல்லாம் பேசுனாங்க, கண்ணு முன்னாடி நடந்தா சும்மா நிக்காதீங்கன்னு. அந்த இறங்குற வேலைய விட்டுட்டு கலர் கலரா டாஷ்போர்ட் மட்டும் வச்சிருந்தா அது ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். லிங்க வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அந்த ஜனங்க முன்னாடி விரிச்சு வைங்க, எது தெரியணும் எது தெரியக் கூடாதுன்னு அவங்க சொல்லட்டும், வேணாம்னு சொன்ன புள்ளிய எடுத்துடுங்க, ஃபண்ட் குடுத்தவங்க ரிப்போர்ட்ல எண்ணிக்கை கொறையுமேன்னு பாக்காதீங்க. அடி வாங்கின பொண்ணு தங்கியிருக்கற வீடு மாதிரி எடங்கள தயவுசெஞ்சு பப்ளிக் மேப்ல போடவே போடாதீங்க. முடிஞ்சப்புறம் ஒரு காப்பிய பேப்பர்லயே அவங்க கைல குடுங்க, மனு எழுதும்போது கூட இணைச்சுக் குடுக்கற மாதிரி, தேதி போட்டு, யார் யார் சேந்து குறிச்சாங்கன்னு அவங்க சம்மதம் இருந்தா பேரும் போட்டு. ஆறு மாசம் கழிச்சு திரும்பப் போங்க, குழாய் வந்துச்சா இல்லயான்னு பாத்து மாத்துங்க.

அடுத்து நீங்க போடப் போற மேப் எதுவா இருந்தாலும் பிரிண்ட் எடுக்குற அன்னைக்கு சொல்லுங்க, நான் வர்றேன். ஷீட்டும் ஸ்கெட்ச் பேனாவும் நானே கொண்டு வந்துடுறேன்.

அன்போட,
உங்கள்ல ஒருத்தி