சும்மா வந்தவர்களின் நன்றி மடல்

போன வியாழக்கிழமை கொழும்பில் எங்களுக்கு உதவின எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஒருவரின் கண்ணில் பட்டாலும் போதும்.

நாங்கள் கிளிநொச்சி. இவருக்குச் சைக்கிள் திருத்துகிற கடை, எனக்கு முன்பள்ளி. 2006 ஆம் ஆண்டு கலியாணம் முடித்த கையோடு கொழும்பு பார்க்க வெளிக்கிட்டிருந்தோம். ஓகஸ்டில் சண்டையால், வடக்கைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடுபட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத இந்த மடல் காணாது. இடையில் இவர் மூன்று தரம் கொழும்பு போய் வந்தார்: மாமியின் கண் ஒப்பரேஷன், தம்பியின் பாஸ்போட், தம்பியை விமானம் ஏற்றியது. மூன்றும் அலுவல். எங்கள் பக்கத்தில் கொழும்புக்குப் போகிறவருக்கு அலுவல் இருந்தே ஆக வேண்டும். நான் போனதே இல்லை. இந்த முறை சீட்டுக்காசு 40,000 கைக்கு வந்தது. தையல் மெஷின் பிறகு பார்க்கலாம், மூன்று நாள் சும்மா போய் வருவோம் என்றேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முதல் நன்றி, விடியப்புறம் குருநாகலில் இரவு ரயிலில் ஏறி எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கு. தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டுத்தான் கதைக்கவே தொடங்கினீர்கள். "கொழம்ப யன்னே மொகட்டத?" என்று கேட்டீர்கள். எனக்கு அரைகுறைச் சிங்களம். ஏன் போகிறோம் என்பது கேள்வி என்று விளங்கியது, பதிலுக்குத்தான் சொல் இல்லை. கையை விரித்துக் காட்டினேன். "ஆ... நிக்கங்!" என்று சிரித்தீர்கள். சும்மாவுக்குச் சிங்களத்தில் நிக்கங். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அன்று முழுக்கச் சுற்றினோம் அம்மா.

கோட்டை ரயில் நிலைய வாசலில், ஒல்கொட் சிலைக்குப் பக்கத்தில், வெள்ளவத்தைக்கு ஓட்டோக்காரர் ஒருவர் 2,500 ரூபாய் கேட்டார். எங்கள் பைகளைப் பார்த்தே விலை வைத்திருப்பார் போல. இவர் தலையாட்டப் போன நேரத்தில் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்த மலையகத் தம்பி குறுக்கே வந்தீர்கள். "அண்ணே, எதுக்கு அவ்ளோ காசு? திரும்ப உள்ள போங்க, கரையோர ரயில் இருக்கு. வலது பக்கம் ஒக்காருங்க, கடல் தெரியும்." ஓட்டோக்காரர் உங்களை முறைத்ததையும் கண்டோம். அவரோடு நாளைக்கும் அதே வாசலில்தானே நிற்க வேண்டும் நீங்கள்? அதை யோசித்தால் உங்கள் உதவி ரயில் சீட்டின் விலையை விடப் பெரியது. வலது பக்கமே இருந்தோம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்குக் கிட்டவே வந்துவிட்டது. இவர் ஒன்றும் பேசவில்லை. பம்பலப்பிட்டியில்தான் வாய் திறந்தார்: "மூண்டு தரம் வந்தும் நான் இதைப் பாக்கேல்லை."

வெள்ளவத்தையில் அறை தந்த அக்கா, நீங்கள் கேட்டது எங்கள் ஊர்க் கேள்வி. "ஆருக்கும் சுகமில்லையோ? இல்லாட்டி எம்பசி அலுவலோ?" சும்மா வந்தோம் என்றதும் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள். "இஞ்ச வாற சனம் எல்லாம் பைலோடதான் வரும். சும்மா வந்ததுக்குக் கீழ் அறை சரிவராது" என்று, பேசின காசுக்கே மொட்டை மாடிக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டீர்கள். பகல் இரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்லியிருந்த நீங்கள், காலை ஏழு மணிக்கே முகம் கழுவ வைத்துப் பிளேன்டீயும் தந்தீர்கள். சீனி கொஞ்சம் கூட. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

புறக்கோட்டையில் நடந்ததற்கு இரண்டு பேருக்கு நன்றி. பிரதான வீதியின் நடுவில் என் செருப்பு வார் அறுந்தது. முன்னாலும் பின்னாலும் சனம். எதிரே மூட்டை அடுக்கின கைவண்டியோடு ஒரு நாட்டாமை, சுமை தூக்குகிற தொழிலாளி. அந்தப் பாரத்தை ஒருமுறை நிற்பாட்டினால் திரும்ப உருட்டுவது எவ்வளவு பாடு என்று சைக்கிள்காரன் பெண்சாதிக்குத் தெரியும். நிற்பாட்டினீர்கள். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், ஏசினார்கள். நீங்கள் திரும்பியும் பார்க்காமல், நான் குனிந்து செருப்பைக் கையில் எடுக்கும் வரைக்கும் வண்டியை மார்பில் தாங்கிக்கொண்டு நின்றீர்கள். மற்றவர், நடைபாதையில் கறுப்புக் குடைக்குக் கீழ் இருந்து செருப்புத் தைக்கும் ஐயா. அறுந்ததைத் தைத்தீர்கள். அறாத மற்றதையும் வாங்கிப் பார்த்து, "இதுவும் நாளைக்குப் போயிடும்" என்று அதற்கும் நாலு தையல் போட்டீர்கள். காசு ஒன்றுக்குத்தான் வாங்கினீர்கள்.

இவரைப் பற்றியும் உண்மை சொல்ல வேண்டும். சும்மா வந்த மனிதர் சைக்கிள் சாமான் கடையொன்றைக் கண்டதும் உள்ளே போய் ஒரு மணித்தியாலம் வரவில்லை. நான் வெயிலில் நின்று இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1909 இல் கட்டி முடித்ததாம். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், உச்சியில் மாதுளங்காய் கவிழ்த்து வைத்த மாதிரிக் கும்பங்கள். நிழலுக்கு ஸ்டூல் போட்டுத் தந்த துணிக்கடை நானா, ஒரு முழத் துணிகூட வாங்காமல் எழும்பிப் போனதற்கு மன்னியுங்கள். இவர் ஒரு பெட்டி கம்பியோடு வந்தார். பட்ஜெட் கொப்பியில் அதை "போக்குவரத்து" என்று எழுதி வைத்திருக்கிறார்.

138 பஸ் பிடித்து நூதனசாலைக்குப் போனோம். 1877 இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரப் போன எங்களை, அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் மறித்தீர்கள். "தமிழ்க் கல்லப் பார்க்காமப் போறீங்களா?" அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அதைத் தவறவிட்டிருப்போம். காலி நகரில் 1911 இல் கண்டெடுத்த கல். சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. 1409 என்ற திகதி அதில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவேந்திரமுனைத் தென்னாவரம் நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். எழுத்துகள் தேய்ந்துபோய்விட்டன. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவள் நான், அரைமணி நேரம் நின்றும் ஒரு வரியை முழுதாய் வாசிக்க முடியவில்லை. தங்கச்சி, நீங்கள் உங்கள் படிப்பை விட்டுவிட்டு என்னோடு எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றீர்கள். பின்னால் நின்ற இவர் மெதுவாகச் சொன்னார்: "இவையளும் அலுவலாத்தான் வந்திருக்கினம்." நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததில் காவலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கும் நன்றி, ஒன்றும் சொல்லாததற்கு.

பின்னேரம் காலிமுகத்திடல். பட்டங்கள் ஏறியிருந்தன. வல்வெட்டித்துறைப் பட்டம் பார்த்த கண்ணுக்கு அவை தூசு, ஆனாலும் கடலும் பட்டமும் சேர்ந்தால் வடிவுதான். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதையாம், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார். அதாவது ஒரு அலுவலும் இல்லாதவர்கள் காற்று வாங்குவதற்கென்றே கட்டினது! நாங்கள் வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று இவரிடம் சொன்னேன்.

வெயில் சரிந்து முகத்தில் அடித்ததால் குடையை விரித்தோம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் கவனித்தேன், மதில் வழிய இருந்த குடை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காதல் சோடி. இவருக்கு வெட்கம் வந்து குடையை மடக்கப் பார்த்தார். பக்கத்துக் குடைக்குள் இருந்த சிங்களப் பொடியன் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், எப்பா எப்பா, இருங்க" என்று தெரிந்த தமிழைச் சேர்த்துச் சொன்னீர்கள். எப்பா என்றால் வேண்டாம். இறால் வடைச் சரையையும் நீட்டினீர்கள். உங்களோடு இருந்த பிள்ளை எடுத்துத் தந்த படம்தான் எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் நிற்கிற முதல் படம். அதில் இவரின் கை சேட்டுப் பொக்கெற்றில் இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற, சோதனைச் சாவடிக் காலத்துப் பழைய பழக்கம். அன்று காலையிலிருந்து அதைக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை.

இரவு 100 ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பினோம். "அக்கா, வெள்ளவத்தை, இப்ப இல்ல, அடுத்தது" என்று நித்திரை தூங்கின என்னை இரண்டு தரம் எழுப்பின நடத்துநர் தம்பிக்கும் நன்றி. மிச்சக்காசு தரும்போது எங்கே போய் வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டீர்கள். எனக்கு முந்தி இவர் சொன்னார்: "நிக்கங்."

இறங்கிய அவசரத்தில் குடையை அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். நீலக் குடை, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். எடுத்தவர் அதைத் தேடிக்கொண்டு வர வேண்டாம், நீங்களே வைத்திருங்கள். ஒரு கம்பி கொஞ்சம் இறுக்கம், மேலே தள்ளும்போது இடது பக்கமாகச் சரித்துத் தள்ளினால் விரியும்.