கதைப் போட்டி நடுவர்களுக்கு: பாதைக்காரருக்கும் ஒரு வம்சம் இருக்கட்டும்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கு,

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்த மாயக்கதைப் போட்டியிலிருந்து என் மாணவி ஒருத்தியின் கதை திரும்பி வந்திருக்கிறது. அதில் கழிமுகத்தில் பாதை, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை, ஓட்டுகிற ஒருவர் இரண்டே இடத்தில் வருகிறார். பாட்டன் குச்சவெளியிலிருந்து வந்தவர் என்பதால் ஊரார் 'வெளியார்' என்றார்கள், பேரன் காலத்தில் அது 'வெளியன்' ஆனது என்று நாலு வரி எழுதியிருந்தாள். "துணைப் பாத்திரத்துக்கு வம்சம் எதற்கு?" என்று வெட்டிவிட்டீர்கள். அரசனின் ஏழு தலைமுறையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை!

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'லார்ட் ஒஃப் த ரிங்ஸ்' மாயக்கதையில் நாயகனின் தோழன் சாம். அவனுடைய தகப்பன் ஹாம்ஃபாஸ்ட் காம்ஜி ஒரு தோட்டக்காரக் கிழவர். எல்லோருக்கும் அவர் 'காஃபர்', நம் பக்கத்து 'அப்பு' மாதிரி. வந்து போவது கொஞ்ச நேரம்தான். ஆனால் பின்னிணைப்பில் அவருக்கு முழு வம்சாவளி உண்டு. முன்னோரின் ஊர் காம்விச். அங்கிருந்து டைஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஊர்ப்பெயர் வாயில் தேய்ந்து காமிட்ஜ் ஆகி, பிறகு காம்ஜி ஆனது. பாட்டனும் தகப்பனும் கயிறு திரித்தவர்கள். தோட்ட வேலைக்கு வந்தவர் இவர்தான்.

அந்தக் கயிறு சும்மா கிடக்கவில்லை. எல்ஃபுகள் என்ற மாய இனத்தாரின் கயிற்றைக் கண்டதும் சாம் ஆசையோடு விசாரிப்பது அது குடும்பத் தொழில் என்பதால். பிறகு செங்குத்துப் பாறையில் இறங்க உதவுவதும் அதே கயிறுதான்.

பெயரும் முதலில் கிழவருக்குத்தான் வந்தது. 1932இல் கோர்ன்வோலில் விடுமுறையில் இருந்த டோல்கீன், ஊர்க்கதையும் வானிலையும் பேசித் திரிந்த ஒரு முதியவருக்குத் தன் பிள்ளைகள் சிரிக்க 'காஃபர் காம்ஜி' என்று பெயர் வைத்தார். டோல்கீன் சிறுவனாக இருந்த பேர்மிங்ஹாமில் காம்ஜி என்றால் பஞ்சு. அந்த ஊர் சத்திரசிகிச்சை நிபுணர் சாம்ப்சன் காம்ஜி உருவாக்கிய காயக்கட்டுப் பஞ்சால் வந்த பேச்சு அது. கதையில் சாம் மணப்பது கொட்டன் வீட்டுப் பெண்ணை; ஆங்கிலத்தில் 'கொட்டன்' என்றாலும் பஞ்சுதான். அந்தக் குறும்பையும் கவனியுங்கள். 1956இல் நிஜமான ஒரு சாம் காம்ஜி லண்டனிலிருந்து கடிதம் எழுத, டோல்கீன் கையெழுத்திட்ட மூன்று பாகங்களையும் அனுப்பிவைத்தார்.

சரி, பாதை நடுத்தண்ணீரில் நிற்கும்போது பாட்டன் கதை இடைஞ்சல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் கேட்பது இதுதான்: அடுத்த முறை சொல் வரம்புக்கு வெளியே ஒரு பக்கப் பின்னிணைப்பை அனுமதியுங்கள். அதுவரை வெட்டிய நாலு வரிக்காகப் புள்ளி குறைக்காமல் இந்தக் கதையை மறுபடி பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
உப்புவெளி