‘யாருக்கும்’ என்ற அந்த ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘பெண்களின் மேலாடைக்குத் தடை இருந்த காலத்தில் அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை, ஒழுக்கம் அந்தந்தக் காலத்துச் சமூகம் வகுப்பதுதான்’ என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. இரண்டு நாளாக அந்த ‘யாருக்கும்’ தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை எனும் மேலாடை போடக் கூடாது என்று 1829-இல் அரசாணை வந்தது நீங்கள் அறியாததல்ல. யாருக்குமே தவறாகப் படாத வழக்கத்தைக் காக்க ஆணை எதற்கு? சந்தைக்குப் போனவர்களின் சீலையைக் கிழிக்க ஆட்கள் எதற்கு? 1859 ஜூலையில் மன்னர் அனுமதி தந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு முடிச்சுப் போட்டுத்தான் தந்தார். என் பாட்டி, தன் பாட்டியிடம் கேட்டதைச் சொல்வார்: சீலை கிழிபட்ட அன்று வீட்டுக்கு வந்தவள் மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லையாம். எழுத்தறியாதவள். அவளும் அந்தச் சமூகத்தில் ஒருத்திதானே?

உடை ஊருக்கு ஊர் மாறும், ஒப்புக்கொள்கிறேன். நம்பூதிரிப் பிராமணர்கள் முன்னால் நாயர் சாதிப் பெண்களும் மேலாடையை விலக்க வேண்டியிருந்த நாடு அது. மார்பை மூடுவதா வேண்டாமா என்பது வழக்கம். மூட நினைத்தவளை நடுச்சந்தையில் அவமானப்படுத்துவது கொடுமை. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

1984-இல் வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு தேடினேன். முன்பணம்வரை பேசி முடித்த பிறகு, ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்று கேட்டார் வீட்டுக்காரர். சொன்னேன். ‘எங்க தெரு வழக்கம் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க’ என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்தான் நியாயம் என்றால் அவர் தலை ஏன் குனிந்தது?

இதே தோள்சீலைப் போராட்டத்தை ‘மதமாற்றக் கலவரம்’ என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழ் குறிப்பிட்டபோதும் எழுதினேன். இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது; அந்த நான்கிலும் ஆண்டு தவறு. மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து இந்தப் பகுதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அதற்காக உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. முப்பது ஆண்டு வரலாறு நடத்தியவள், முப்பத்தெட்டு ஆண்டுச் சந்தாதாரர் என்ற உரிமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ‘யாருக்கும்’ என்பதை ‘ஆதிக்கத்தில் இருந்தவர்களுக்கு’ என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். கூடவே 1859 என்ற ஆண்டையும் பிழையில்லாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
நாகர்கோவில்.